பகிரங்கமாக மன்னிப்புக் கேட்பது எப்படி: ஒரு கல்யாணச் சமையல்காரரின் அறிவிப்பை முன்வைத்து

நீங்கள் கேட்டிருப்பதை மற்ற வாசகர்களுக்காக முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். 22 ஆண்டுகளாகக் கல்யாணச் சமையல் ஒப்பந்தம் எடுத்து நடத்திவருகிறீர்கள். ஜூன் 8-ஆம் தேதி இரவு ஒரு திருமண வரவேற்பில் நீங்கள் பரிமாறிய தேங்காய்ச் சட்னியால் 46 பேருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டது. அவர்களில் 11 பேர் குழந்தைகள். இரண்டு குழந்தைகள் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையினர் எடுத்துச்சென்ற மாதிரியின் பரிசோதனை முடிவும் சட்னி கெட்டிருந்தது என்றே சொல்கிறது. உள்ளூர் நாளிதழிலும் வாட்ஸ்அப்பிலும் மன்னிப்பு அறிவிப்பு வெளியிட நினைத்து, வழக்கறிஞரிடம் ஒரு வாசகம் எழுதி வாங்கியிருக்கிறீர்கள். அதைப் படித்த உங்கள் மனைவி, “இதைப் போடறதுக்குப் போடாமலே இருந்துடலாம்” என்று சொல்லியிருக்கிறார். இருவரில் யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி.

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. அந்த வாசகத்தை அப்படியே இங்கே தருகிறேன்: “கடந்த வாரம் நடைபெற்ற சுபநிகழ்ச்சி ஒன்றில் எதிர்பாராத விதமாக நேர்ந்துவிட்ட விரும்பத்தகாத சம்பவத்தால் யாருக்கேனும் அசௌகரியம் ஏற்பட்டிருந்தால் அதற்காக மனமார வருந்துகிறோம். 22 ஆண்டுகளாகத் தரமே தாரக மந்திரம் எனச் செயல்பட்டுவரும் எங்களுக்கு நீங்கள் அளித்துவரும் பேராதரவைத் தொடர்ந்து அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். இப்படிக்கு, நிர்வாகத்தினர்.”

இந்த வாசகத்தில் சட்னி இல்லை. நோயுற்றவர்கள் இல்லை. நீங்களும் இல்லை. அன்றைய இரவைப் பற்றி எதுவும் அறியாத ஒருவர் இதைப் படித்தால் மண்டபத்தில் மின்தடை ஏற்பட்டதா, பந்தியில் இடம் போதவில்லையா, யாரேனும் சண்டையிட்டார்களா என்று ஊகித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். ஆனால் குழந்தையின் கையில் சலைன் ஏறுவதைப் பார்த்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்த ஒரு தாய்க்கு என்ன நடந்தது என்பது நன்றாகத் தெரியும். அவர் இதைப் படிக்கும்போது, தனக்குத் தெரிந்ததைச் சொல்லக்கூட இவர்களுக்கு மனம் வரவில்லை என்ற ஒன்றைத்தான் புதிதாக அறிந்துகொள்வார். அறிவிப்பு எழுத உட்காரும்போது அந்தத் தாயை எதிரே உட்காரவைத்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர்கள், போட்டியாளர்கள், அதிகாரிகள், ஊர்க்காரர்கள் எல்லோரும் அதைப் படிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனாலும் அவர்களை நினைத்து எழுதிய அறிவிப்பு அவரிடம் போய்ச் சேராது. அவரை நினைத்து எழுதியதை மற்றவர்கள் தாமாகவே புரிந்துகொள்வார்கள்.

நான் ஒரு நாளிதழின் ஆசிரியர் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். திருத்தக் குறிப்புகளையும் வருத்த அறிவிப்புகளையும் எழுதியும், மற்றவர்கள் எழுதியவற்றைச் செப்பனிட்டும் கழித்த காலம் அதிகம். அந்த அனுபவத்தில் நான் கற்றது, மன்னிப்பு அறிவிப்பின் உயிர் ஒரே ஒரு வாக்கியத்தில் இருக்கிறது என்பது. தவறைச் செய்தவர் எழுவாயாகவும், செய்த செயல் வினைமுற்றாகவும் அமைந்த நேரான வாக்கியம் அது. அந்த வாக்கியத்தை எழுதாமல் தப்பிக்கத் தமிழ் இலக்கணம் நமக்கு வேண்டிய அளவு மறைவிடம் தருகிறது. “உடைத்தேன்” என்பதற்குப் பதிலாக “உடைந்துவிட்டது” என்று சொல்லக் குழந்தைகூடக் கற்றுக்கொள்கிறது. “சட்னியைக் கெடவிட்டோம்” என்பது “சட்னி கெட்டுப்போய்விட்டது” என்று ஆகும்போது, குற்றம் உங்களிடமிருந்து தேங்காய்க்கு மாறிவிடுகிறது. “நேர்ந்துவிட்டது”, “நடந்துவிட்டது”, “இடம்பெற்றுவிட்டது” என்ற சொற்களில் தொக்கி நிற்கும் ‘விட்டது’ என்பது, யார் கையிலும் இல்லாத ஏதோ ஒன்று தானாகவே நிகழ்ந்து முடிந்த தொனியைத் தருகிறது. “ஏற்படுத்தினோம்” என்று எழுதவேண்டிய இடத்தில் “ஏற்பட்டது” என்று எழுதுவதும் இதே வகைதான்.

இரண்டாவது மறைவிடம் ‘ஆல்’ விகுதி. “அசௌகரியம் ஏற்பட்டிருந்தால்”, “மனம் புண்பட்டிருந்தால்” என்று எழுதும்போது, பாதிப்பு உண்மையிலேயே நேர்ந்ததா என்பதையே சந்தேகத்துக்கு உள்ளாக்குகிறோம். 46 பேருக்கு மருத்துவமனைச் சீட்டு இருக்கும்போது ‘இருந்தால்’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? மூன்றாவது மறைவிடம் தமிழ் போன்ற சில மொழிகளில் மட்டுமே உள்ளது. அதனால்தானோ என்னவோ பலரும் கவனிப்பதில்லை. “நாம் இன்னும் கவனமாக இருந்திருக்க வேண்டும்” என்று எழுதினால், கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் ‘நாம்’, சாப்பிட்டவர்களையும் சமைத்தவர்களின் வரிசையில் நிறுத்திவிடுகிறது. இந்த இடத்தில் ‘நாங்கள்’ என்பதே பொருந்தும். முடிவெடுத்தவர் நீங்கள் ஒருவரே என்றால் ‘நான்’ என்பதுதான் பொருந்தும்.

‘மன்னிப்பு’ என்ற சொல்லையும் கொஞ்சம் எண்ணிப்பார்க்க வேண்டியிருக்கிறது. பிழையை ஒப்புக்கொள்ளும் செயலுக்குத் தமிழில் நாம் வைத்திருக்கும் பெயரே ‘மன்னிப்புக் கேட்பது’ என்பதாக, அதாவது எதிரில் இருப்பவரிடமிருந்து ஒன்றைக் கேட்டுப் பெறுவதாக அமைந்துவிட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய் லெவிக்கியும் அவருடன் பணியாற்றியவர்களும் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு ஒன்று, மன்னிப்புக் கூற்றை ஆறு கூறுகளாகப் பிரித்து 755 பேரிடம் சோதித்துப் பார்த்தது. வருத்தம் தெரிவிப்பது, எப்படி நேர்ந்தது என விளக்குவது, பொறுப்பை ஏற்பது, இனிச் செய்யமாட்டேன் என்பது, ஈடுசெய்ய முன்வருவது, மன்னிக்குமாறு வேண்டுவது ஆகியவை அந்த ஆறு. இவற்றில் மிக முக்கியமானது பொறுப்பை ஏற்பது என்றும், அடுத்தது ஈடுசெய்ய முன்வருவது என்றும், விட்டாலும் குறைவில்லாதது மன்னிக்குமாறு வேண்டுவது என்றும் அந்த ஆய்வு கண்டது. நாமோ அந்தக் கடைசிக் கூறின் பெயரால்தான் மொத்தச் செயலையும் அழைக்கிறோம். அறிவிப்பின் தலைப்பில் ‘மன்னிப்பு’ என்ற சொல் இருக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால், “பெரிய மனது பண்ணி எங்களை மன்னிக்க வேண்டும்” என்று முடிக்காதீர்கள். ஊரறிய அப்படிக் கேட்டுவிட்டால், மன்னிக்க மனம் வராத ஒருவர் சின்ன மனதுக்காரராகத் தோன்றுவார். மன்னிப்பதும் மன்னிக்காமல் இருப்பதும் அவருடைய உரிமை. அதற்குக் காலக்கெடு விதிக்க உங்களுக்கு இடமில்லை.

வருந்துவதும் மன்னிப்புக் கேட்பதும் ஒன்றல்ல என்பதை அரசாங்கங்கள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன. ஜாலியன்வாலா பாக் படுகொலையின் நூற்றாண்டு நிறைவுக்குச் சில நாள் முன்பு, 2019 ஏப்ரல் 10-ஆம் தேதி, பிரிட்டன் பிரதமர் தெரேசா மே நாடாளுமன்றத்தில் அதைப் பிரிட்டிஷ் இந்திய வரலாற்றின் வெட்கக்கேடான வடு என்றார்; நடந்ததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்; மன்னிப்புக் கேட்கவில்லை. எதிர்க்கட்சித் தலைவர் ஜெரெமி கார்பின் அதே அவையில் எழுந்து, முழுமையான, தெளிவான மன்னிப்பே தேவை என்று வலியுறுத்தினார். ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிக் குழந்தைகள் அரசின் கொள்கையால் பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டது குறித்து, ஜான் ஹோவர்ட் பிரதமராக இருந்தபோது 1999-இல் நிறைவேறிய தீர்மானமும் ‘ஆழ்ந்த, உளமார்ந்த வருத்தம்’ என்ற அளவில்தான் நின்றது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 2008 பிப்ரவரி 13-ஆம் தேதி, அப்போதைய பிரதமர் கெவின் ரட் அதே நாடாளுமன்றத்தில் தாய்மார்களையும் தந்தையரையும் சகோதர சகோதரிகளையும் தனித்தனியே விளித்து, குடும்பங்களைச் சிதைத்ததற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்று திரும்பத் திரும்பச் சொன்னபோதுதான், கேட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். வருந்துகிறேன் என்பதை மழை பெய்து கல்யாணம் கெட்டாலும் சொல்லலாம். மழைக்காக யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை.

செயலைப் பெயர் சொல்லி அழைப்பது எவ்வளவு வலிமையுள்ளது என்பதற்கு நான் அடிக்கடி நினைத்துக்கொள்ளும் காட்சி ஒன்று உண்டு. வட அயர்லாந்தின் டெர்ரி நகரில் 1972 ஜனவரி 30-ஆம் தேதி, குடிமை உரிமைகள் கோரிய பேரணியில் வந்தவர்கள் மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் அன்றே 13 பேர் இறந்தார்கள். சில வாரங்களில் முடிந்த முதல் விசாரணை, படையினர் மீதான பழியை ஏறக்குறைய முழுவதும் துடைத்துவிட்டது. 1998-இல் தொடங்கிய இரண்டாவது விசாரணையின் அறிக்கை 2010 ஜூன் 15-ஆம் தேதி வெளியானபோது, பிரதமர் டேவிட் கேமரன் லண்டனில் பேசுவதை டெர்ரியின் சதுக்கத்தில் பெரிய திரையில் மக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அறிக்கையின் முடிவில் சந்தேகத்துக்கோ இரட்டைப் பொருளுக்கோ இடமில்லை என்றார் அவர். நடந்ததை நியாயப்படுத்தவும் முடியாது, அது நியாயமும் அல்ல. அது தவறு என்றார். சதுக்கத்தில் ஆரவாரம் எழுந்தது. 38 ஆண்டுகள் அந்தக் குடும்பங்கள் காத்திருந்தது, இறந்தவர்கள் குற்றமற்றவர்கள், சுட்டதுதான் தவறு என்று பிரதமரின் வாயால் கேட்பதற்காகவே. சம்பவம் நடந்தபோது கேமரன் ஐந்து வயதுச் சிறுவன். ஆனாலும், எனக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று அவர் கேட்கவில்லை. அரசின் சார்பிலும் நாட்டின் சார்பிலும் மன்னிப்புக் கேட்டார்.

இனி உங்கள் தொழிலுக்கே நெருங்கிய ஒரு நிகழ்வு. 2008 ஆகஸ்டில் கனடாவின் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் நிறுவனம் டொராண்டோ ஆலையில் தயாரித்த இறைச்சியில் லிஸ்டீரியா கிருமி பரவி, 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நிறுவனத் தலைவர் மைக்கேல் மெக்கெய்ன் தொலைக்காட்சியில் தாமே தோன்றினார். எங்கள் முயற்சி தோற்றுவிட்டது, ஆழ்ந்த மன்னிப்பைக் கேட்டுக்கொள்கிறோம் என்றார். கனடாவின் உணவுப் பரிசோதனை முறையின் மீது பழிபோட அவருக்கு வாய்ப்பு இருந்தும் போடவில்லை. பொறுப்பு இங்கேதான், எங்களிடம்தான் என்றார். இந்த நெருக்கடியில் இரண்டு வகை ஆலோசகர்களின் பேச்சைத் தாம் கேட்கவில்லை, ஒருவர் வழக்கறிஞர்கள், மற்றவர் கணக்காளர்கள் என்று அவர் செய்தியாளர்களிடம் சொன்னது பிறகு பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. அந்த ஆலையின் தயாரிப்புகள் அனைத்தும் திரும்பப் பெறப்பட்டன, பாதிக்கப்பட்டவர்களுக்கு 2.7 கோடி கனடா டாலர் வரை இழப்பீடு வழங்க உடன்பாடு ஏற்பட்டது. நிறுவனம் இன்றும் நடக்கிறது. அதற்கு எதிர்முனையில் ஜப்பானின் ஸ்நோ பிராண்ட் பால் நிறுவனம். 2000-ஆம் ஆண்டுக் கோடையில் அதன் ஒசாகா ஆலைப் பாலைக் குடித்து 13,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றபோது, கேள்வி மேல் கேள்வி கேட்ட செய்தியாளர்களிடம் அதன் தலைவர், “நான் தூங்கவே இல்லை” என்று எரிந்து விழுந்தார். அவர் தூங்காமல் இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் வெளிவந்த பிறகு, வேறு எதைச் சொன்னாலும் கேட்க யாருக்கும் மனமில்லை. கொஞ்ச நாளில் அவர் பதவி விலகினார். உங்கள் கடிதத்தில், மூன்று இரவாகச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் அறிவிப்பில் அதற்கு இடமில்லை; 22 ஆண்டுப் பெருமைக்கும் இடமில்லை.

வழக்கறிஞரின் அச்சத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஒருவர் தம் பொறுப்பை ஒப்புக்கொண்டு எழுதுவது நம் நாட்டுச் சாட்சியச் சட்டப்படி அவருக்கு எதிரான சான்றாகலாம். பிரிட்டனின் 2006-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்பது தன்னளவிலேயே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாக ஆகாது என்று தெளிவாகச் சொல்கிறது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலமும் அதே ஆண்டில் மன்னிப்புக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அந்தப் பாதுகாப்பு உங்களுக்கும் இருக்கிறது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். ஆனால் உங்கள் வழக்கில் எதிர்த்தரப்புக்கு உங்கள் ஒப்புதல் தேவையே இல்லை. ஆய்வுக்கூட அறிக்கை இருக்கிறது, மருத்துவமனைப் பதிவுகள் இருக்கின்றன. உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், 2006-இன் 65-ஆவது பிரிவு, இறப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கொடுங்காயத்துக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புகளுக்கு 1 லட்சம் வரை இழப்பீடு என்று வகுத்திருக்கிறது. அந்தக் கணக்கு, நீங்கள் ‘அசௌகரியம்’ என்று எழுதுவதால் குறைந்துவிடப் போவதில்லை. ஆகவே வழக்கறிஞரிடம் மறுபடியும் போங்கள். ஆனால் கேள்வியை மாற்றிக் கேளுங்கள். “எதை மறைத்து எழுதலாம்?” என்று கேட்டால் அவர் முன்பு கொடுத்த வாசகத்தைத்தான் மறுபடியும் தருவார். “இந்த உண்மைகளைச் சொல்லியே தீருவேன், இதில் உறுதியாகத் தெரியாதது எதையாவது சேர்த்துவிட்டேனா?” என்று கேளுங்கள். நல்ல வழக்கறிஞர் அதற்கு நல்ல பதில் தருவார்.

விளக்கம் சொல்வதா, வேண்டாமா என்ற தடுமாற்றம் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. அன்று குளிர்பெட்டியில் பாலும் பன்னீரும் நிறைந்திருந்ததால் சட்னிக்கு இடமில்லை, பிற்பகல் மூன்று மணிக்கு அரைத்ததை வெளியிலேயே வைத்து இரவு ஒன்பது வரை பரிமாறினோம், அரைத்தவர் புதிதாகச் சேர்ந்த மாஸ்டர், நடுவில் ஒரு மணி நேரம் கரண்ட் இல்லை என்று நான்கு காரணங்கள் எழுதியிருக்கிறீர்கள். முதல் இரண்டையும் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்ன நடந்தது என்று தெரிந்தால்தான், அது மறுபடி நடக்காது என்பதை யாரும் நம்ப முடியும். கடைசி இரண்டையும் அடித்துவிடுங்கள். மாஸ்டர் புதியவர் என்றால் அவர் பக்கத்தில் பழையவர் ஒருவரை நிறுத்தாதது யார்? கரண்ட் போகும் என்பது கல்யாணச் சமையலில் 22 ஆண்டு இருந்தவருக்குத் தெரியாததா? கூலிக்கு வந்த ஒருவரின் தலையில் பழியை இறக்கிவிட்டு, மற்றவர்களிடம் மன்னிப்புக் கேட்கும் அறிவிப்பைப் படிக்க எனக்கு என்றுமே கூசியிருக்கிறது. பழைய எண்ணெயில் பொரித்தீர்கள் என்று பரவியிருக்கும் பேச்சு பொய் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பொய்யாகவே இருக்கட்டும், அதை மறுக்க வேறு ஒரு நாள், வேறு ஒரு குறிப்பு எழுதுங்கள். மன்னிப்பும் மறுப்பும் ஒரே தாளில் இருந்தால், படிப்பவர் கண்ணில் மறுப்பு மட்டுமே தங்கும்.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்து போன ஒருவர் இருக்கிறார்: பெண்ணின் தந்தை. அவருக்கு வயிறு கெடவில்லை என்பதால் அவரை 46 பேரில் சேர்க்கவில்லை நீங்கள். ஆனால் பிள்ளை வீட்டார் முன்னும், பேருந்து பிடித்து வந்த உறவினர் முன்னும் தலைகுனிந்து நின்றவர் அவர்தான். செலவைச் சுருக்க மட்டமான சமையல்காரரைப் பிடித்தார் என்று யாரோ ஒருவர் சொல்லாமல் இருந்திருக்கமாட்டார். இதில் அந்தக் குடும்பத்துக்கு எந்தப் பங்கும் இல்லை, கேட்ட கூலியைக் குறைக்காமல் தந்தார்கள் என்று நீங்கள் ஊரறிய எழுதினால்தான் அவர் தலை நிமிரும். அந்த வரியை வேறு யாராலும் எழுதித் தர முடியாது.

எங்கே, எவ்வளவு பெரிதாக வெளியிடுவது என்பதற்கு, நான் நேரில் கண்டு கற்ற ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த நாளிதழில் ஒரு முறை, திருட்டு வழக்கில் கைதானவரின் படம் என்று எண்ணி, அதே பெயருள்ள வேறோர் இளைஞனின் படத்தை முதல் பக்கத்தில் வெளியிட்டுவிட்டோம். தெரிந்ததும் மறுநாள், “நேற்றைய இதழில் படம் தவறுதலாக இடம்பெற்றுவிட்டது, வருந்துகிறோம்” என்று ஒன்பதாம் பக்கத்தின் அடியில் இரண்டு வரி போட்டோம். அதை எழுதியவன் நான். அன்று மதியம் அந்த இளைஞனின் தந்தை அலுவலகத்துக்கு வந்தார். இரண்டு நாள் பத்திரிகையையும் நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்திருந்தார். மேசை மேல் இரண்டையும் பிரித்து, ஓரம் மடங்காமல் கையால் தடவி வைத்துவிட்டு, “படத்தை மொதப் பக்கத்துல போட்டீங்க சார். வருத்தத்த ஒம்பதாம் பக்கத்துல போட்டிருக்கீங்க. எங்க தெருவுல ஒம்பதாம் பக்கம் வரைக்கும் யாரும் போகல” என்றார். குரலை உயர்த்தவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, “என் பையன் திருடன் இல்லன்னும் இதுல எங்கயும் காணோம்” என்றார். அவர் சொன்ன பிறகுதான் நான் எழுதியதை நானே படித்தேன். மறுநாள் முதல் பக்கத்தில், முந்தைய படம் வந்த அதே இடத்தில், அந்த இளைஞருக்கும் வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்றும், சரிபார்க்காமல் வெளியிட்டது எங்கள் குற்றம் என்றும் கட்டம் கட்டிப் போட்டோம்.

2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அந்தத் தந்தையின் கேள்வியைத்தான் கேட்டது. தவறான மருந்து விளம்பரங்கள் தொடர்பான வழக்கில், 67 நாளிதழ்களில் மன்னிப்பு வெளியிட்டுவிட்டதாகப் பதஞ்சலி நிறுவனத்தின் தரப்பு சொன்னபோது, நீங்கள் வெளியிட்ட விளம்பரங்களின் அளவில்தான் மன்னிப்பும் இருந்ததா என்று நீதிபதிகள் கேட்டார்கள். அடுத்த நாளே பெரிய அளவில் மறுபடியும் வெளியானது. அதே ஆண்டு ஆகஸ்டில், வழக்கைத் தொடுத்த இந்திய மருத்துவச் சங்கத்தின் தலைவர், நீதிமன்றத்தைப் பற்றித் தாம் பேசியதற்காக நாளிதழில் வெளியிட்ட மன்னிப்பையும், எழுத்து படிக்க முடியாத அளவு சிறிதாக இருக்கிறது என்று அதே நீதிமன்றம் கண்டித்தது. வாதி, பிரதிவாதி இருவருக்கும் ஒரே அளவுகோல்.

இடம் தவறினாலும் மன்னிப்பு சேராது. 1914-இல் குடியேற விரும்பிய 376 இந்தியப் பயணிகளுடன் வந்த கோமகாட்டா மாரு கப்பலைக் கனடா வான்கூவரிலிருந்து திருப்பி அனுப்பியதற்காக, பிரதமர் ஸ்டீஃபன் ஹார்ப்பர் 2008 ஆகஸ்டில் சர்ரே நகரத்துப் பூங்காவில் நடந்த விழா மேடையில் மன்னிப்புக் கேட்டார். நாடாளுமன்றத்தில் கேட்பதே முறை என்று சொல்லி, கூடியிருந்தவர்கள் அதை அங்கேயே நிராகரித்தார்கள். 2016 மே 18-ஆம் தேதி அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ நாடாளுமன்றத்தில் கேட்ட பிறகுதான் அந்தக் கணக்கு தீர்ந்தது. உங்கள் விஷயத்தில் அந்த இடம் எது? விருந்தினர்களுக்கு அழைப்பு போன வாட்ஸ்அப் குழுக்கள், மண்டபத்தின் வாசல் பலகை, நீங்கள் மாதந்தோறும் விளம்பரம் கொடுக்கும் அதே நாளிதழ், அதே பக்கம், அதே அளவு.

இவ்வளவையும் வைத்து நான் எழுதிப் பார்த்தது இது. உங்கள் சொல்லுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

“ஜூன் 8-ஆம் தேதி இரவு நடந்த திருமண வரவேற்பில் நாங்கள் பரிமாறிய தேங்காய்ச் சட்னியால் 46 பேர் நோயுற்றார்கள். அவர்களில் 11 பேர் குழந்தைகள். பிற்பகல் மூன்று மணிக்கு அரைத்த சட்னியைக் குளிர்பெட்டியில் வைக்காமல், அடுப்படி வெக்கையிலேயே வைத்திருந்து இரவு ஒன்பது மணி வரை பரிமாறினோம். குளிர்பெட்டியில் இடமில்லை என்று தெரிந்ததும் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அரைத்திருக்க வேண்டும். நேரமில்லை என்று நான் அதைச் செய்யவில்லை. அந்த முடிவை எடுத்தவன் நான், குற்றம் என்னுடையது. மணமக்களின் குடும்பத்தாருக்கும் மண்டபத்தாருக்கும் இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர்கள் பேசிய கூலியைக் குறைவின்றிக் கொடுத்தார்கள். நான்தான் சரியான உணவைக் கொடுக்கவில்லை. நோயுற்ற ஒவ்வொருவரிடமும், அவர்களுடன் இரவெல்லாம் விழித்திருந்தவர்களிடமும், தம் வீட்டு விசேஷத்தில் தலைகுனிய நேர்ந்த அந்தக் குடும்பத்திடமும் மன்னிப்புக் கேட்கிறேன். மருத்துவச் செலவு முழுவதையும், வேலைக்குப் போக முடியாத நாள்களின் கூலியையும் நான் தருகிறேன். சீட்டு இல்லாவிட்டாலும் சொன்னால் போதும். இனி, தேங்காய் சேர்ந்த எதையும் பந்திக்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் அரைப்போம். மீந்ததை அடுத்த பந்திக்கு வைக்கமாட்டோம். சமையற்கட்டுக்குத் தனியாக இன்னொரு குளிர்பெட்டி வாங்கியிருக்கிறோம். அதன் வெப்பநிலை 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கிறதா என்று மணிக்கொரு முறை பார்த்து எழுதும் குறிப்பேட்டை, விசேஷ வீட்டார் யார் கேட்டாலும் காட்டுவோம்.” இதன் கீழே உங்கள் பெயர், உங்கள் கைபேசி எண். ‘நிர்வாகத்தினர்’ என்று போட வேண்டாம்.

இதில் “இனி ஒருபோதும் இப்படி நடக்காது” என்ற வரி இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்படி உறுதி கொடுக்க எந்தச் சமையல்காரராலும் முடியாது. குறிப்பேட்டைக் காட்ட முடியும். குளிர்பெட்டியை இன்னும் வாங்கவில்லை என்றால் வாங்கிய பிறகு அறிவிப்பை வெளியிடுங்கள், அல்லது அந்த வரியை எடுத்துவிடுங்கள். ஈடுசெய்வது தாமதமானால் சொல்லின் மதிப்பு குறைந்துகொண்டே போகும். ஆஸ்திரேலியாவில் 2008-இல் மன்னிப்புக் கேட்ட மத்திய அரசு, தன் நேரடி ஆளுகையில் இருந்த பகுதிகளில் பிரிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீட்டுத் திட்டத்தை அறிவித்தது 2021-இல்தான். அந்த 13 ஆண்டுகளில் இறந்தவர்களின் காதில் விழுந்தது சொல் மட்டுமே.

அறிவிப்பு வெளியானதும் வாட்ஸ்அப்பில் வசவும் வரும். பதிலுக்குப் பதில் எழுதாதீர்கள்; கருத்துகளை நீக்காதீர்கள்; யாராவது கேள்வி கேட்டால், அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து, எத்தனை பேருக்குச் செலவு கொடுத்துத் தீர்த்தீர்கள், இன்னும் எத்தனை பேர் பாக்கி என்று நான்கு வரியில் இன்னொரு குறிப்பு போடுங்கள்.

அதற்கு முன்னால், நாளிதழுக்கு அனுப்புவதற்கும் முன்னால், செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. தாளில் எழுதியதை எடுத்துக்கொண்டு பெண்ணின் தந்தை வீட்டுக்குப் போங்கள். உட்காரச் சொன்னால் உட்காருங்கள். அதை அவரிடம் கொடுத்துவிட்டு வந்துவிடாமல் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். அவர் ஏதாவது ஒரு சொல்லை மாற்றச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் மாற்றிக்கொண்டு, அங்கிருந்து அந்த இரண்டு குழந்தைகளின் வீட்டுக்குப் போங்கள்.